தண்ணி விட்டாச்சு: டெல்டாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆண்டு முழுவதற்குமான வழிகாட்டி

எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, நாற்று விட்ட நாள், உரம் போட்ட நாள் எல்லாம் அதில் பேனாவால் கிறுக்கியிருக்கும். வெண்ணாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். போகிற வீட்டில் முதலில் அந்தக் காலண்டரைத்தான் பார்ப்பேன். பிள்ளையின் அடுத்த ஊசித் தேதி அதில் எழுதியிருந்தால் அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

டெல்டாவில் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை தேதி சொல்லிவிட்டு வருபவை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. கல்லணையில் திறந்து, கிளை வாய்க்கால்கள் வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். மே மாதம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய வாய்க்கால் ஜூன் கடைசியில் ஆள் மூழ்க ஓடும். ஐப்பசி மழையோடு கொசு வரும். தை அறுவடையோடு மிஷினும் டிராக்டரும் வரும். தடுப்பூசிக்கும் இப்படித்தான் தேதி இருக்கிறது. வயலுக்குக் கணக்கு வைப்பதுபோல் பிள்ளைக்கும் அதே காலண்டரில் கணக்கு வையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: அட்டையைக் காப்பாற்றுங்கள்

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும்போது தரும் தாய் சேய் அட்டையும், கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணும் உங்கள் பிள்ளையின் முதல் சொத்து. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கூரை போன வீடுகளில் அட்டைகளும் போயின. அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்த அட்டைகூட ஊறி, மை கலைந்து, ஒரு நீலக் கறையாகக் கிடந்தது. என் பதிவேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் புது அட்டை எழுதினேன். பதிவேடு தப்பியதால் முடிந்தது.

அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து, அம்மா அப்பா இருவர் போனிலும் வையுங்கள். ஊரில் இல்லாத சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அட்டையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுச் செயலியான யூ-வினில் பதிவு இருந்தால் வெளியூர் போனாலும் ஊசி விவரம் கையோடு இருக்கும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் மூன்றாம் மாதம் திரும்பி வரும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். இரண்டு ஊர் செவிலியர்களும் "அங்கே போட்டிருப்பார்கள்" என்று நினைத்துவிட்டால் நடுவில் ஓர் ஊசி தவறிப்போகும்.

இரண்டாம் படி: ஊசித் தேதிகளைக் காலண்டரில் ஏற்றுங்கள்

அரசுத் தடுப்பூசி எல்லாம் இலவசம். நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிள்ளை பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, அந்தந்த வாரத்துப் புதனைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

பிறந்தவுடன் மூன்று: காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி. இதில் ஹெபடைட்டிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கிருமியைத் தடுக்க அந்த முதல் நாளைத் தவறவிடக் கூடாது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் அட்டையில் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஒன்றரை மாதம், அதாவது 6 வாரம்: பென்டா, போலியோ சொட்டு, போலியோ ஊசி, பேதிக்கான ரோட்டா சொட்டு, நிமோனியாவுக்கான பிசிவி. 10 வாரத்தில் பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா. 14 வாரத்தில் மறுபடி ஐந்தும். பென்டா ஒரே ஊசிதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, மூளை உறையையும் நுரையீரலையும் தாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அது காப்பு. நாட்டிலேயே முதலில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் 2011 டிசம்பரில் அதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு ஒரே நாளில் எத்தனை முறை குத்த வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, பிசிவி ஊக்க ஊசி, போலியோ ஊசியின் மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ திரவம். பெரும்பாலான வீடுகளில் கணக்கு தவறுவது இங்கேதான். 14 வாரத்துக்குப் பிறகு ஐந்தாறு மாத இடைவெளி விழுகிறது, பிள்ளை தவழ்கிறது, ஆரோக்கியமாக இருக்கிறது, மறந்துவிடுகிறோம். 9 மாத வட்டத்தைச் சிவப்புப் பேனாவால் போடுங்கள். வைட்டமின் ஏ அதோடு முடியாது, 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும்.

16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) ஊக்க ஊசி, போலியோ சொட்டு. 5 வயது முடிந்ததும் முத்தடுப்பு இரண்டாம் ஊக்க ஊசி. 10 வயதிலும் 16 வயதிலும் டிடி எனப்படும் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி. கடைசி இரண்டும் பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள். அன்றைக்குப் பிள்ளை லீவு போட்டதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நெல் வயலோடு வாழ்பவர்களின் நோய். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, நடவு வயலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் கிருமி இருக்கும். நோய் மூளையைத் தாக்கினால் பிழைத்த பிள்ளைக்கும் குறை தங்கிவிடக்கூடும். இந்த ஊசி நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டும் அரசு அட்டவணையில் உண்டு. 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. "எங்க மாவட்டத்துக்கு உண்டா நர்சம்மா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தனியாரில் டைபாய்டு, சின்னம்மை, ஃப்ளூ, மஞ்சள் காமாலை ஏ, பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஆகியவையும் உண்டு. எச்பிவி அரசிலும் கிடைக்கிறதா என்று முதலில் செவிலியரிடம் கேளுங்கள். வசதி இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசிப் போடலாம். ஆனால் அரசு அட்டவணையை முடிக்காமல் அதற்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: ஊசி போடும் நாள்

காலையில் பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, தொடையும் புஜமும் எளிதாகத் தெரியும்படி பருத்திச் சட்டை போட்டுக் கூட்டி வாருங்கள். லேசான சளி, இருமல், சின்னக் காய்ச்சலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. முன்பு ஏதாவது ஊசிக்குப் பிறகு ஜன்னி வந்திருந்தாலோ, உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தாலோ அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் உள்ளே ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் வெப்பத்தில் கெட்டது, போடக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி, கார்த்திகை மழையில் வரப்பு வழுக்க நடந்து வந்து சேர்க்கும் மருந்து அது. பார்க்க வேண்டும் என்று கேட்டால் எந்தச் செவிலியரும் காட்டுவார். கேட்பதில் தப்பில்லை, எனக்கு அது பிடிக்கும்.

கிளம்புமுன் செவிலியர் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன பின்விளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வருவது; அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவருவது. சொல்ல விட்டிருந்தால் நீங்கள் கேளுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், மருந்தும் அங்கே இருக்கும்.

பென்டா போட்ட அன்று சாயங்காலம் பிள்ளை சிணுங்கும், தொடை வீங்கும், உடம்பு சுடும். ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஈரத்துணியை வீக்கத்தில் வைக்கலாம். தேய்க்கவோ, எண்ணெய் தடவவோ, சூடு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். பாராசிட்டமால் தரும்போது ஒரு எச்சரிக்கை: சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பல மடங்கு கூடிவிடும். பாட்டிலை எடுத்து வந்து காட்டி, பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். பிசிஜி போட்ட இடது புஜத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி எழும்பி, உடைந்து, தழும்பாகும். அதற்கு மருந்தே வேண்டாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதால், ஜன்னி வந்தால், துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

தவறவிட்டவர்களுக்கு: வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். இரண்டாம் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில மருந்துகளுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. பிசிஜியும் ரோட்டாவும் தொடங்க ஒரு வயது வரை, தட்டம்மை-ரூபெல்லா 5 வயது வரை. நாற்று நட்டுவிட்டு வந்து கேட்டாலும் நாங்கள் கணக்குப் போட்டுத் தருவோம்.

அம்மை பற்றி ஒரு வார்த்தை. மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை வந்தால் வேப்பிலை வையுங்கள், மாரியம்மனை வேண்டுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செவிலியருக்குச் சொல்லிவிடுங்கள். அம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் ஏ தர வேண்டும், நிமோனியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறைத்து வைத்ததால்தான் சில பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

நான்காம் படி: கைக்குழந்தையும் வீட்டுப் பழக்கங்களும்

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சேனை வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், உரைமருந்து எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது, அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அப்பாயிக்கு மனசு கேட்காது. "சேனையை அப்பாயி விரலால் தொட்டு நெற்றியில் வைக்கட்டும், வாயில் வேண்டாம்" என்று பல வீடுகளில் பேசி முடித்திருக்கிறேன். பெரியவர்களின் ஆசையும் நிறைவேறும், பிள்ளைக்கும் ஆபத்தில்லை.

எண்ணெய்க் குளியல் நல்லதுதான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, தொக்கம் எடுப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையைத் துணியில் பிடித்துப் பிள்ளைக்குச் சுற்றுவதும் மூச்சுக்கு நல்லதில்லை.

தவழும் வயதில் வீட்டுத் தரையில் நீங்களே ஒருமுறை முட்டி போட்டு நகர்ந்து பாருங்கள். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், ரிமோட்டின் வட்ட பேட்டரி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வட்ட பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும், காத்திருக்கக் கூடாது. வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை போன்றவற்றை 4 வயது வரை முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக் குரலே வராமல் முகம் நீலமானால்: ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. பெரிய பிள்ளை என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளும் மேலுமாக 5 இழுப்பு. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் நெஞ்சு அழுத்தம் தொடங்கி 108-ஐ அழைக்க வேண்டும். இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடக் கூடாது.

அடுப்படியில் பெரிய ஆபத்து, வடித்த கஞ்சி. தரையில் வைத்த கஞ்சிச் சட்டியில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வடிப்பதை மேடையில், சுவரோரமாக வையுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விழவிடுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: தண்ணீர்

இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். ஊசி தவறினால் பிறகு போட்டுவிடலாம். வாய்க்காலில் ஐந்து நிமிடம் போனால் திரும்பி வராது.

5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆறு தேவையில்லை. மாட்டுத் தொட்டி, குளியலறை வாளி, அடி பம்புக் குழி, அரையடி தண்ணீரே போதும். தலை கனம் அதிகம் என்பதால் குனிந்து விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. காலையில் அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய், அப்பாயி சமைத்துக்கொண்டிருக்கும் 9 மணி முதல் 1 மணி வரைதான் எனக்குப் பயமான நேரம். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "வீட்டில் ஆள் இருக்கிறார்கள்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். அங்கன்வாடிக்கு அனுப்புவது இதற்கும்தான். வாசலில் இடுப்பளவு மூங்கில் படல் ஒன்று, கொல்லைப் பக்கம் ஒன்று. செலவு குறைவு, பலன் பெரிது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு: மேட்டூரில் திறந்தார்கள் என்ற செய்தி வந்த அன்றே காலண்டரில் "தண்ணி விட்டாச்சு" என்று எழுதி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போங்கள். வறண்ட தரையில் நிற்கவைத்து, "இந்த வருஷம் எங்கெல்லாம் குழி இருக்கு பாரு" என்று காட்டுங்கள். மணல் அள்ளிய பள்ளம், தூர் வாரிய இடத்தில் திடீரென்று இறங்கும் ஆழம், போன வருஷம் இல்லாத அரிப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்தபின் அதெல்லாம் ஒரே சமமான பழுப்பு நிறம். கொள்ளிடத்தில் இந்தப் பள்ளங்கள் இன்னும் மோசம். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து புரளும் இடத்தில் நீச்சல் தெரிந்த ஆளும் மாட்டிக்கொள்வார், ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். அந்த இடம் யாருக்குமே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை. சின்னச் சக்கரம், வண்ணக் காகிதம், சாமி படம். அன்று படித்துறையில் கூட்டம், பாசி, புதுத் தண்ணீர் மூன்றும் சேர்ந்திருக்கும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளை என்று கணக்கு வைத்து, கை பிடித்து நில்லுங்கள். முளைப்பாரி, காதோலை கருகமணி விடும்போது பெண்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பிள்ளைகளையே பார்க்கட்டும்.

6 வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்கும். நம் ஊரில் பையன்கள் தானே கற்றுக்கொள்வார்கள், பெண் பிள்ளையைக் கரையில் நிறுத்திவிடுவோம். துவைக்கப் போவதும் குடம் எடுக்கப் போவதும் அவள்தானே. ஓடாத குளத்தில், படிக்கட்டுப் பக்கம், தெரிந்த பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க.

யாராவது முழுகுவதைப் பார்த்தால் குதிக்காதே, கத்து, எதையாவது எறி என்று பிள்ளைக்கு மனப்பாடம் செய்யவையுங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இறங்கி இரண்டு, மூன்று பிள்ளைகள் போவதுதான் நம் ஆறுகளில் நடக்கும் கொடுமை. வேட்டி, கயிறு, மூங்கில், மூடிய காலி பிளாஸ்டிக் கேன், குடம் எதுவானாலும் உதவும். தூக்கிக் கரையில் போட்டதும் தலைக்கு மேல் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டாம். மூச்சு இல்லை என்றால் தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி முதலில் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்து, 2 ஊது, விடாமல். கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரல் பிறகு மோசமாகலாம்.

ஆறாம் படி: வயல், களம், கொட்டகை

ஒரு மாட்டுக் கொட்டகையின் இறவாணத்தில் செருகியிருந்த கலர் பாட்டிலை மறக்க மாட்டேன். ஆரஞ்சு நிறக் குளிர்பான பாட்டில், அதே மூடி, பாதி அளவு பூச்சி மருந்து. மீதம் இருந்ததை வீணாக்க வேண்டாம் என்று ஊற்றி வைத்திருந்தார்கள். 4 வயதுப் பையன் ஒரு வாய் குடித்தான். வாயில் நுரை தள்ளி, கண்மணி சுருங்கி வந்தவனைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டான். அவன் அப்பா அடுத்த வாரம் ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் வாங்கி எனக்குக் கொண்டுவந்து காட்டினார். அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்: பூட்டுப் பெட்டி, அசல் பாட்டில், பிள்ளைக் கைக்கு எட்டாத உயரம்.

விஷம் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் என்றால் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். மேலே கொட்டியிருந்தால் சட்டையைக் கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், தோல் வழியாகவும் ஏறும். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். எலி பேஸ்ட் தின்ற பிள்ளை முதல் நாள் விளையாடிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்து ஈரல் பழுதாகும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. எலிக்குத் தஞ்சாவூர் மூங்கில் கிட்டி இருக்கும்போது வீட்டுக்குள் பேஸ்ட் எதற்கு? எலிக்கும் பன்றிக்கும் வயலைச் சுற்றி மின்கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்துப் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து.

மழையிலும் அறுவடையிலும் பாம்பு வீட்டுப் பக்கம் வரும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்தவரைக் கடிக்கும், கடிவாய் சரியாக வலிக்கவும் வலிக்காது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று அழுது, இமை சொருகி, பேச்சு குழறினால் பாம்புக்கடியையும் நினையுங்கள். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் பாம்பு, கொசு இரண்டுக்கும் தடுப்பு. வைக்கோல் போரையும் விறகையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கடித்துவிட்டால் கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, காலை அசைக்காமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போக வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

தை மாதம் அறுப்பு மிஷின் வரும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. டிராக்டர் மட்கார்டில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டுவது இன்றோடு போதும்.

நாய் கடித்தால், பிறாண்டினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் வேண்டாம். அன்றே வெறிநாய்க்கடி ஊசி. அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள். நாய் கடித்ததைச் சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

ஏழாம் படி: மழை மாதங்கள்

டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருநாள் கவிழ்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு சுற்றுங்கள்: கொட்டாங்குச்சி, பழைய டயர், முற்றத்து ஆட்டுக்கல் குழி, பிரிட்ஜின் பின்தட்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், புரூபன் வேண்டாம். மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், அப்போதுதான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, துவண்டு போவது, ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பேதிக்கு ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்குங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் உப்பு அளவு தப்பும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்றுவிட்டாலும். 6 மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம், மேலே 20. குடற்புழு மாத்திரை ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

மழையில் அறுந்து கிடக்கும் மின்கம்பி, நனைந்த மோட்டார் ஷெட் சுவிட்ச், கொடிக்கம்பி ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீட்டில் மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் வைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

எட்டாம் படி: பள்ளியும் சாலையும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. ஒவ்வொரு ஜூனிலும் சேர்க்கையின்போது நானே உறவுக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய் மாடிப்படி எத்தனை, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, கூரை எதனால் ஆனது, சமையல் எங்கே என்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

பைக்கில் 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி. சைக்கிள் கேரியரில் உட்காரும் பிள்ளையின் கால் சக்கரக் கம்பிக்குள் போய் குதிகால் சதை கிழிந்து வருவது அடிக்கடி நடக்கும், சக்கரத்துக்கு வலைத் தடுப்பு போடுங்கள்.

கடைசிப் படி: 108-க்கு வழி சொல்லப் பழகுங்கள்

காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, உங்கள் ஊர் செவிலியர் எண், ராத்திரியில் கார் எடுக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் எண். பிள்ளையின் எடையும் எழுதுங்கள், மருந்து அளவுக்கு அது வேண்டும்.

நம் ஊர்களில் தெருப் பெயர் சொன்னால் வண்டிக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அப்பாயியை உட்காரவைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இப்படிக் கேட்டபோது ஓர் அப்பாயி முதலில், "எங்க வீடுதான், எல்லாருக்கும் தெரியுமே" என்றார். மூன்றாவது முறை சரியாகச் சொன்னார்: "மெயின் ரோட்டுலேர்ந்து வெண்ணாத்துப் பாலம் தாண்டி, எடது பக்கம் ரெண்டாவது மதகு, அதுக்கு எதிரே ஐயனார் கோயில், கோயிலுக்குப் பின்னால பச்சைக் கதவு. டார்ச் வச்சுக்கிட்டு மதகுல ஆளு நிக்கும்." அதை அப்படியே எழுதி அந்தத் தாளின் கீழே ஒட்டினோம்.